யந்திரம் நம்முடையது; சாவி யாருடையது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆதம்பாக்கம் கருணீகர் தெருவுக்கு அருகில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் கடையொன்றில் அரைமணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. கடையின் ஒரு மூலையில் பழைய கம்ப்யூட்டர்கள் பதினைந்து இருபது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இவையெல்லாம் பழுதானவையா என்று கேட்டோம். "பழுது ஒன்றுமில்லை, சார். விண்டோஸ் பத்துக்கு ஆயுசு முடிந்துவிட்டது. பதினொன்று இவற்றில் ஏறாது. புதிதாக ஒன்று வாங்கிக் கொண்டு, இவற்றை எடைக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள்" என்றார் கடைக்காரர். ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தை எடைக்குப் போடும் இந்தக் காட்சியே இன்றைய வியாசத்துக்குக் காரணம்.

விஷயம் இது. மைக்ரோசாப்ட் கம்பெனி 2015-ம் வருஷத்தில் வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ந் தேதியோடு பொதுவாக நிறுத்திக் கொண்டது. தனி மனிதர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷத் தவணைக்கும் ஏற்பாடு செய்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11-க்கோ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், பெரும்பாலும் 2017-ம் வருஷக் கடைசிக்குப் பின் வந்த பிராசசரும் வேண்டும். அதற்கு முந்திய யந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதற்குத் தகுதியில்லை. பாதுகாப்பே இதற்குக் காரணம் என்பது கம்பெனியின் வாதம். அது பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மனு டைப் அடிப்பதற்கும், கணக்கு எழுதுவதற்கும், பையனின் பாடத்துக்கும் போதுமான யந்திரம் ஒரு தேதியன்று திடீரென்று குப்பையாகிவிடுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? அதிலும், செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் ராக்ஷஸக் கணினி நிலையங்கள் மெமரிச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால், 2025 கடைசியில் ராம் விலை எப்படி ஏறிற்று என்பதை ரிச்சி தெருவுக்குப் போய் விசாரித்தவர்கள் நன்கு அறிவார்கள்.

"இவற்றில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கலாகாதா?" என்று கேட்டோம். கேட்டதுதான் தாமதம், கடையிலிருந்த நால்வரும் நான்கு அபிப்பிராயங்கள் சொன்னார்கள். அந்த நான்கும் நம் நாட்டில் எங்கு போனாலும் கேட்கக் கூடியவை. ஆகையால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிப்பது பிரயோஜனமாகும்.

"லினக்ஸ் எஞ்சினீயர்களுக்கு ஏற்பட்டது, கறுப்புத் திரையில் மந்திரம் போல் எதையோ அடிக்க வேண்டும்" என்றார் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். அவர் சட்டைப் பையிலிருந்த ஆண்ட்ராய்டு டெலிபோனுக்கு உள்ளே ஓடுவதும் லினக்ஸின் கருவே என்பதை அவர் அறியவில்லை. பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ம் வருஷத்தில் ஆரம்பித்து வைத்த அந்தக் கரு, 2017-ம் வருஷம் முதல் உலகத்தின் தலைசிறந்த ஐந்நூறு சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் ஓடுகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் வக்கீல் சகோதரர்கள் தினந்தோறும் ஏறி இறங்கும் கோர்ட்டுகளையே பார்க்கலாம். ஈ-கோர்ட்ஸ் திட்டத்தில் கீழ்க்கோர்ட்டு நீதிபதிகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் உபுண்டு என்னும் லினக்ஸையே சுப்ரீம் கோர்ட்டின் கமிட்டி போட்டுக் கொடுத்தது. நீதிபதிகள் எஞ்சினீயர்கள் அல்லர். தீர்ப்புகள் எழுதப்படாமல் நின்றுவிடவும் இல்லை.

"டாலி ஓடாதே" என்றார் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கும் இரண்டாமவர். இந்த ஆக்ஷேபணை நியாயமானது. டாலி பெங்களூரில் செய்யப்படும் சுதேசிச் சரக்கு. ஆயினும் விண்டோஸுக்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. வைன் என்னும் ஏற்பாட்டின் மூலம் அதை லினக்ஸில் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் பரிசோதனை நடத்தும்படி ஒரு வியாபாரிக்கு உபதேசம் செய்வது விவேகமாகாது. அவர் அந்த ஒரு யந்திரத்தை விண்டோஸிலேயே வைத்துக் கொள்ளட்டும். கடையிலுள்ள மற்ற யந்திரங்களும் ஏன் அதற்கு அடிமையாக வேண்டும் என்பதே நம் கேள்வி.

"கேம் ஆட முடியாது, சார்" என்றான் காலேஜ் மாணவன். 'விளையாட்டுத்தானே' என்று முகம் சுளிப்பவர்களோடு நாம் சேர மாட்டோம். பல வீடுகளில் எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று தீர்மானிப்பவர் தகப்பனார் அல்லர், பிள்ளையாண்டான்தான். பத்து வருஷங்களுக்கு முன் அவன் சொன்னது பெரும்பாலும் உண்மை. ஆனால் வால்வ் என்னும் அமெரிக்கக் கம்பெனி 2018-ல் புரோட்டான் என்ற சாதனத்தை வெளியிட்டது. விண்டோஸுக்கென்று எழுதிய ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் அதன் உதவியால் லினக்ஸில் ஓடுகின்றன. 2022-ல் அதே கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்க ஆட்ட யந்திரத்தில் இருப்பதும் லினக்ஸே. 2025 அக்டோபரில் ஸ்டீமில் ஆடுவோரிடையே எடுத்த கணக்கில் லினக்ஸ்காரர்கள் நூற்றுக்கு மூவரைத் தாண்டினார்கள். சிறிய எண்ணிக்கைதான், ஆனால் வளரும் எண்ணிக்கை. ஆட்டப் பிரியர்களின் பழைய தலைவலியான கிராபிக்ஸ் கார்டு விஷயத்திலும் முன்னேற்றம் உண்டு. ஏ.எம்.டி., இன்டெல் கார்டுகளுக்கு வேண்டியவை கருவோடேயே வருகின்றன. என்விடியா கம்பெனியும் 2022-ல் தன் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்து வைத்தது. எனினும் அந்த மாணவன் பெயர் சொல்லிக் கேட்ட வாலரண்ட் என்னும் ஆட்டம் லினக்ஸில் ஓடாது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதற்கென்று அது நிறுத்தும் காவற்காரன், விண்டோஸின் அந்தப்புரம் வரையில் சென்று உட்காருகிறவன். இதை மறைத்துப் பிரசாரம் செய்தால், ஒரு வாரத்தில் அந்தப் பையன் திரும்பி வந்து நம்மைப் பொய்யரென்பான். அப்புறம் நாம் சொல்லும் மெய்யும் எடுபடாது.

நான்காவது அபிப்பிராயம் கடைக்காரருடையது. அதுவே நம்மை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. "போட்டுக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆகாது, சார். மறுநாள் பிரிண்டர் வரவில்லை என்று வந்து நிற்பார்கள். விண்டோஸில் பிரிண்டர் வராவிட்டால் பிரிண்டரைத் திட்டுவார்கள், லினக்ஸில் வராவிட்டால் என்னைத் திட்டுவார்கள்" என்றார் அவர்.

இதில் பேருண்மை இருக்கிறது. நம் காரியாலயத்தில் லினக்ஸ் போட்டபோது, லேசர் பிரிண்டர் ஒன்று மூன்று நாள் மௌன விரதம் பூண்டது. நான்காம் நாள் மாணவர் ஒருவர் வந்து பதினைந்து நிமிஷத்தில் அதைப் பேச வைத்தார். இல்லாதிருந்தது மென்பொருள் அல்ல. அதை அறிந்த மனிதர்.

இவ்வளவு தொல்லைகளையும் ஒப்புக்கொண்ட பின், விண்டோஸை விட்டு வருவதால் என்ன லாபம் என்று நேயர்கள் கேட்கலாம். பணம் மிச்சமாகும் என்பது சிறிய பதில். பெரிய பதிலை 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தேசம் கண்ணாரக் கண்டது. குஜராத்தில் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜி கம்பெனியில் ஏறக்குறைய பாதிப் பங்கு ருஷ்யாவின் ராஸ்நெப்டுடையது. ஐரோப்பிய யூனியன் அதன்மேல் தடை விதித்தது. உடனே, அக்கம்பெனி கட்டணம் செலுத்தி அனுபவித்து வந்த மின்னஞ்சல் முதலிய வசதிகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டத்தின் கீழ் நடக்கும் ஒரு கம்பெனி, தன் கடிதங்களைத் தானே படிப்பதற்கு டெல்லி ஹைகோர்ட்டின் படியேற வேண்டியதாயிற்று. சில தினங்களில் வசதிகள் திரும்பக் கிடைத்தன. ஆனால் சாவி யார் கையில் இருக்கிறது என்பது அந்தச் சில தினங்களில் வெட்டவெளிச்சமாயிற்று.

சட்டம் படித்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கடையில் நாம் காசு கொடுத்து வாங்குவதாக நினைக்கும் மென்பொருளின் ஒப்பந்தப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்: அது கிரயம் அல்ல, அனுமதி. வீட்டுக்கு வாடகைதாரர் போல நாம் அதற்குள் குடியிருக்கிறோம். லினக்ஸோடு வரும் பொது உரிமப் பத்திரமோ வேறு விதமானது. எந்தக் காரியத்துக்கும் ஓட்டலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கையும் அது உரிமையாகவே தருகிறது.

'லினக்ஸ் மட்டும் சுதேசியோ?' என்று கேட்பவர்களுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அது சுதேசியன்று. 2024 அக்டோபரில், ருஷ்யர்மேல் விதித்த தடைகளைக் காட்டி, லினக்ஸ் கருவின் பராமரிப்பாளர் ஜாபிதாவிலிருந்து ருஷ்யர் சிலரின் பெயர்கள் நீக்கப்பட்டன. அங்கும் அரசியல் நுழையத்தான் செய்கிறது. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். பெயர் போயிற்று, சரக்குப் போகவில்லை. ருஷ்யாவில் ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் யந்திரம் ஒன்றும் அதனால் நிற்கவில்லை. அதன் மூலப் பிரதியை அவர்களிடமிருந்து யாரும் திரும்ப வாங்கவும் முடியவில்லை. ஒரு பொருள் எந்த ஊரில் பிறந்தது என்பதைவிட, அதன் சாவி எவரிடம் இருக்கிறது என்பதே சுயராஜ்யத்துக்கு உரைகல்.

இனி நம் மாகாணத்தின் கதைக்கு வருவோம். மத்திய சர்க்காரின் ஸி-டாக் ஸ்தாபனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை 2007-ல் வெளியிட்டது. அந்த வேலை பெரிதும் நடந்தது சென்னையில். இங்கிருந்து வேளச்சேரியைத் தாண்டினால் வரும் தரமணிப் பக்கத்தில். 2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டு சர்க்கார் ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தில், மாணவர்களுக்கு விண்டோஸோடு இந்தப் 'பாஸ்'ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆயுள் முடிந்தபோது, ஆபீஸ்களில் 'பாஸ்'ஸுக்கு மாறும்படி சர்க்கார் இலாகாக்களுக்குச் சொன்னது. இன்றுள்ள கேள்வி அன்றே வந்தது. பதிலும் அன்றே கிடைத்தது. ஆயினும் நாம் படியேறிய ஆபீஸ்களில் விண்டோஸைத்தான் கண்டோம். மடிக்கணினி பெற்ற மாணவர்களில் நமக்குத் தெரிந்தவர்கள் அனேகமாக 'பாஸ்'ஸை அழித்து இடத்தைச் சினிமாவுக்கு ஒதுக்கிக் கொண்டார்கள். உத்தரவு வந்தது, சரக்கு வந்தது. கற்றுக் கொடுக்க ஆள் வரவில்லை.

பக்கத்திலுள்ள கேரளத்தில் நடந்தது வேறு. அங்கே பள்ளிக்கூடங்களில் லினக்ஸைப் புகுத்தியபோதே உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். பாடப் புத்தகங்களை அதற்கேற்ப எழுதினார்கள். 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் சங்கங்களைப் பள்ளிகளில் அமைத்தார்கள். ஒரு பையனுக்குத் தெரியாததைப் பக்கத்துப் பெஞ்சிலிருக்கும் இன்னொருவன் சொல்லிக் கொடுக்கிறான். கேரளத்து யந்திரங்கள் நம் யந்திரங்களைவிட உயர்ந்தவை அல்ல, பிரிண்டர்களும் அவையேதான்.

1906-ம் வருஷத்தில் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். எதிர்த்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்து, குடையும் கொடுத்தது என்பார்கள். குடைக்காக அந்தக் கப்பலில் ஏறினவனைப் பழிப்பது எளிது. ஆனால் சுதேசிக் கப்பல் நிலைப்பதற்கு ஆவேசம் மட்டும் போதவில்லை. பண உதவியும் மாலுமியும் நிர்வாகமும் தினந்தோறும் வேண்டியிருந்தன. பிள்ளையவர்கள் சிறை சென்றபின் அதை நடத்த ஆளில்லை. 1911-ல் கம்பெனி கலைந்தது. புதிய யந்திரத்தோடு சேர்ந்தே வரும் விண்டோஸும் ஒரு குடைதான். அதை வேண்டாமென்று சொல்ல ஜனங்களுக்குத் தைரியம் வர வேண்டுமானால், மழை பெய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

2025 மார்ச்சு பட்ஜெட்டில், இரண்டு வருஷங்களில் 20 லட்சம் காலேஜ் மாணவர்களுக்குக் கணினி வழங்குவதாகத் தமிழ்நாட்டு சர்க்கார் அறிவித்தது. அந்தக் கணினிகளோடு கற்றுக் கொடுப்பாரும் போக வேண்டும் என்று சட்டசபையில் கேட்பது நம் பிரதிநிதிகளின் கடமை. ஆனால் சர்க்காரையே எதிர்பார்த்திருப்பது நம் கடமையாகாது. தமிழில் லினக்ஸைக் கற்பிக்கும் 'கணியம்' இதழ் 2012-ம் வருஷம் முதல் தொண்டர்களால் நடத்தப்படுகிறது. தமிழ் 99 விசைப்பலகையில் யூனிகோடு எழுத்தை லினக்ஸில் தங்கு தடையின்றி அடிக்கலாம். படிக்கத் தெரிந்தவருக்கு வழி இருக்கிறது. நம் தேசிய ஊழியர்கள் மேடையில் அன்னிய மோகத்தைக் கண்டிப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டால் போதும்.

அன்று கடையை விட்டுப் புறப்படுமுன், மூலையிலிருந்த யந்திரங்களில் இரண்டை எடை விலைக்கே வாங்கிக் கொண்டோம். லினக்ஸ் போட்டுத் தரும்படி கடைக்காரரிடமே சொன்னோம். பிரிண்டர் வராவிட்டால் அவரைத் திட்டுவதில்லை என்று வாக்கும் கொடுத்தோம். நம் பிரிண்டரைப் பேச வைத்த மாணவர், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நம் காரியாலயத்தில் இரண்டு மணி நேரம் உட்கார இசைந்திருக்கிறார். ஆதம்பாக்கத்திலும் பரங்கிமலைப் பக்கத்திலும் உள்ளவர்கள், எடைக்குப் போடுமுன் தங்கள் யந்திரத்தை ஒரு முறை அங்கே கொண்டு வரட்டும். ஓடாதது எது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். ஒவ்வொரு பேட்டையிலும் இப்படி ஒருவர் உட்கார்ந்தால், சாவியைப் பற்றி நாம் வியாசம் எழுத வேண்டிய அவசியம் இராது.