ஒரு படி இங்கே, ஒரு படி மலைக்குள்ளே

நேப்பிள்ஸ் அரசில் 1809 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. குழந்தை பிறந்தால் தகப்பன் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கிருக்கும் அதிகாரி குழந்தையைக் கண்ணால் பார்த்து, சாட்சிகளை வைத்துக்கொண்டு, பதிவேட்டில் எழுதுவார். எழுதியதையே இன்னொரு பதிவேட்டிலும் எழுதுவார். ஒன்று ஊரிலேயே தங்கும். மற்றது நீதிமன்றத்துக்குப் போகும். நெப்போலியனின் ஆட்சி கொண்டுவந்த ஏற்பாடு இது. அவர் வீழ்ந்த பிறகு திரும்பி வந்த பூர்போன் மன்னர்களும் இதைக் கைவிடவில்லை. இரண்டு படி எழுதி, இரண்டையும் வெவ்வேறு ஊர்களில் வை என்ற இந்த எளிய யோசனைக்கு ஈடாக ஆவணப் பாதுகாப்பில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியும் இதைத்தான் செய்தது. சென்னையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் 1698-லிருந்தே லண்டனுக்குப் போயின. இன்றும் அங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

நீதிமன்றத்துக்குப் போன அந்த இத்தாலியப் படிகள் இப்போது மாகாணத் தலைநகரங்களின் அரசுக் காப்பகங்களில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படமெடுக்க இத்தாலிய அரசின் ஆவணத் துறை 2011-ல் ஃபேமிலிசர்ச் அமைப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஃபேமிலிசர்ச், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தது. மார்மன் சபை என்றால் பலருக்கும் தெரியும். இதுபோன்ற வேலைக்காக அந்தச் சபை பல நாடுகளுக்கு மூத்த தம்பதிகளை அனுப்புகிறது. பிள்ளைகளை ஆளாக்கி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சம்பளம் கிடையாது, வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை, தெரியாத மொழி பேசும் ஓர் ஊரில், செத்துப்போன அந்நியர்களின் பெயர்களுக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறார்கள்.

குடும்ப உறவு சாவோடு முடிவதில்லை என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆலயத்தில் செய்யும் சடங்குகளால் தலைமுறைகளை என்றென்றைக்குமாகப் பிணைக்கலாம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த முன்னோருக்காக உயிரோடிருப்பவர் அதைப் பெறலாம். அதற்குப் பெயர் தெரிய வேண்டும். மற்ற மதத்தார் இதை ஏற்கவில்லை. தங்கள் இறந்தவர்களைத் தொட வேண்டாம் என்று யூத அமைப்புகள் வாதாடி 1995-ல் ஓர் உடன்பாடு கண்டன. பங்குப் பதிவேடுகளைத் தர வேண்டாம் என்று 2008-ல் வத்திக்கான் மறைமாவட்டங்களுக்கு எழுதியது. அந்த மனக்கசப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கை இல்லாத ஒருவருக்கும் இவர்கள் எடுக்கும் படம் அப்படியே பயன்படும்.

படமெடுக்கும் ஒரு தம்பதியின் வாரம் விளக்கில் தொடங்குகிறது. கேமரா தரையைப் பார்த்துத் தொங்க, அதன் கீழே பதிவேடு விரிந்து கிடக்கும். இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்குகள். பளபளப்பான தாளில் படும் ஒளி, பட்ட கோணத்திலேயே எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்; நேர்மேலே இருக்கும் லென்ஸுக்குள் புகுந்து எழுத்தை மறைக்காது. அடுத்தது சாம்பல் நிற அட்டை. அதைப் படமெடுத்துப் பார்த்தால் விளக்கின் மஞ்சள் எவ்வளவு, தாளின் மஞ்சள் எவ்வளவு என்று பிரித்துவிடலாம். கைக்கு உறை போடுவதில்லை. உறை போட்டால் விரலின் உணர்வு மழுங்கித் தாள் கிழியும்; கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது என்று இன்றைய காப்பாளர்கள் சொல்கிறார்கள். பிறகு அவர் பக்கம் புரட்ட, இவர் பொத்தானை அழுத்த, நாளுக்கு ஆயிரம் படங்களைத் தாண்டிப் போவது சாதாரணம்.

விளக்கின் கீழே முதலில் கண்ணில் படுவது மை. மாசிக்காய், அன்னபேதி, பிசின் இவை மூன்றும்தான் அன்றைய ஐரோப்பிய மை. முதலிரண்டும் நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும். ஓக் மரவகை ஒன்றில் குளவி முட்டையிட்ட இடத்தில் மரம் வீங்கி உண்டாகும் கட்டியே மாசிக்காய். அதிலிருக்கும் துவர்ப்புச் சத்து, அன்னபேதியின் இரும்போடு சேரும்போது முதலில் வெளிறிய நிறம்தான் வரும். எழுதிய பிறகு காற்றின் ஆக்ஸிஜன் பட்டுப் பட்டு, தாளின் இழைகளுக்குள்ளேயே கறுக்கும். அதனால்தான் தண்ணீரில் எளிதில் கரையாமல், சுரண்டினாலும் முழுதாகப் போகாமல், ஐரோப்பாவின் சட்ட ஆவணங்களை நூற்றாண்டுக் கணக்கில் அது சுமந்தது. ஆனால் அதே மையில் அமிலமும் மிஞ்சிய இரும்பும் இருக்கின்றன. ஈரப்பதம் கூடினால் இரண்டும் தாளை அரிக்கும். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழும், பின்பக்கம் ஊறும், கடைசியில் எழுத்து இருந்த இடம் எழுத்தின் வடிவிலேயே உதிர்ந்துவிடும். பக்கத்தை நிலைக்க வைத்த பொருளே பக்கத்தைத் தின்கிறது. மங்கிப்போன பக்கங்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு: புற ஊதா ஒளியில் தாள் மினுங்கும், இரும்பு மை அந்த ஒளியை விழுங்கும். கண்ணுக்குப் போய்விட்ட வரி கறுப்பாகத் திரும்பி வரும்.

எழுதப்பட்டிருப்பது யாரைப் பற்றி என்று பாருங்கள். அரசர்களுக்கு வரலாறு உண்டு; இங்கே இருப்பவர்கள் உழவர், மீனவர், துணி நெய்பவர். பெற்றோர் கைவிட்ட குழந்தை என்றால், எங்கே கிடந்தது, என்ன துணி சுற்றியிருந்தது, கழுத்தில் என்ன அடையாளம் இருந்தது என்று எழுத்தர் ஒன்று விடாமல் குறித்திருப்பார். உடைந்த பதக்கத்தின் பாதி கட்டியிருந்தால் அதையும். என்றாவது ஒருநாள் மற்றப் பாதியோடு தாய் வரக்கூடும் என்ற எண்ணம் அந்தக் குறிப்புக்குள் இருக்கிறது. திருமணக் கட்டு இன்னும் கனமானது. மணமக்களின் பிறப்புச் சான்றோடு, சம்மதம் சொல்லத் தகப்பன் உயிரோடு இல்லையென்றால் அவருடைய இறப்புச் சான்றும், தாத்தாவும் இல்லையென்றால் அவருடையதும் அதில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை ஒரே நூலில் கட்டப்பட்டிருக்கும். பின்னால் 1880-க்கும் 1915-க்கும் இடையில் ஏறத்தாழ 1.3 கோடி இத்தாலியர் நாட்டை விட்டுப் போனார்கள். புவெனஸ் அயர்ஸிலும் நியூயார்க்கிலும் இருக்கும் அவர்களுடைய பேரப் பிள்ளைகள் தேடுவது இந்தக் கட்டுகளைத்தான்.

ஒரே படி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நேப்பிள்ஸே சாட்சி. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து, அந்நகரின் அரசுக் காப்பகத்தின் மிகப் பழைய ஆவணங்களைச் சான் பாவ்லோ பெல்சீத்தோ என்ற ஊரில் ஒரு மாளிகைக்குக் கொண்டுபோனார்கள். 1943 செப்டம்பர் 30 அன்று ஜெர்மானியப் படையினர் அங்கே வந்து தீ வைத்தார்கள். ஆன்ஜூ (Anjou) வம்ச அரசர்களின் இடைக்காலப் பதிவேடுகள் சாம்பலாயின. காப்பகத்தின் தலைவர் ரிக்கார்தோ ஃபிலஞ்சேரி அதோடு ஓயவில்லை. பல நூற்றாண்டுகளாக எந்தெந்த அறிஞர் எந்தெந்தப் பக்கத்தைத் தம் வேலைக்காக எழுதியெடுத்திருந்தாரோ, படம் பிடித்திருந்தாரோ, அவற்றையெல்லாம் திரட்டத் தொடங்கினார். கிடைத்தவை 1950 முதல் தொகுதி தொகுதியாக அச்சேறின. யாரும் படியெடுக்காத பக்கம் மட்டும் என்றைக்கும் போனது போனதுதான்.

ஃபேமிலிசர்ச்சின் மூல அமைப்பு 1938-லேயே மைக்ரோஃபிலிமில் படமெடுக்கத் தொடங்கியது. அந்தச் சுருள்களை வைக்க, சால்ட் லேக் சிட்டிக்கு அருகில் ஒரு மலையின் கருங்கல்லைக் குடைந்து 1960-களில் பெட்டகம் கட்டினார்கள். வெப்பம் 13 பாகை செல்சியஸ் அளவில், ஈரப்பதம் குறைவாக. அங்கே சேர்ந்த சுமார் 24 லட்சம் சுருள்களையும் 2021-க்குள் டிஜிட்டலாக மாற்றி முடித்துவிட்டார்கள். சுருளைப் படிக்க ஒரு விளக்கும் லென்ஸும் போதும். டிஜிட்டல் கோப்புக்குப் பத்து இருபது ஆண்டுக்கு ஒருமுறை புது வட்டு, புது மென்பொருள் தேவை. ஆனால் அதற்கு ஒரு சிறப்பு உண்டு. கோப்பிலுள்ள எண்களையெல்லாம் கணக்கிட்டு ஒரு சரிபார்ப்பு எண் எடுத்து வைக்கிறார்கள். நகலெடுக்கும்போது எங்கோ ஒரு பிட் மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். கையால் படியெடுத்த எந்த எழுத்தருக்கும் இந்த உறுதி கிடைத்ததில்லை.

கணினி கண்டுபிடிக்காதது ஒன்றே ஒன்று: எடுக்காமல் விட்ட படம். ஒட்டிக்கொண்ட இரண்டு தாளை ஒன்றாகப் புரட்டிவிட்டால் எந்தச் சரிபார்ப்பு எண்ணும் குரல் கொடுக்காது. அதனால் வாரக் கடைசியில் அந்தத் தம்பதி திரையின் முன் உட்கார்ந்து, பக்க எண்களை வரிசையாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிறார்கள். 213-க்குப் பின் 216 வந்தால், அந்தக் கட்டைத் திங்கட்கிழமை மறுபடி கேட்டு வாங்க வேண்டும்.