நட்சத்திரத்தை வைத்திருப்பதா, பையில் பணத்தை மிச்சம் வைப்பதா?

சென்னை சுப்பர் கிங்ஸ் அணி 2025 நவம்பரில் மதீஷ பத்திரணவை விடுவித்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, மட்டக்களப்பில் கிரிக்கெட் பேசுகிற யாரைச் சந்தித்தாலும் ஒரே கேள்விதான்: "வளர்த்து எடுத்தவனை ஏன் விட்டார்கள்?" வாவியின் இரு கரையிலும் மஞ்சள் சட்டைக்கு இரசிகர்கள் அதிகம் என்பதால் கோபமும் அதிகம். சிலர் அணியைத் திட்டினார்கள். அடுத்த மாதம் கொல்கத்தா அவரை ஏலத்தில் எடுத்ததும் வேறு சிலர் பத்திரணவைத் திட்டினார்கள். இரண்டு கோபத்துக்கும் அடியில் இருப்பது ஒரு கணக்கு. அதைப் புரிந்துகொண்டால் கோபம் பாதியாகக் குறையும்.

ஐ.பி.எல் அணி எவ்வளவு பணக்கார அணியாக இருந்தாலும், ஆட்டக்காரர்களை எடுப்பதற்கு ஓர் எல்லைக்கு மேல் செலவழிக்க முடியாது. 2025 பருவத்துக்கு அந்த எல்லை 120 கோடி இந்திய ரூபா. எல்லா அணிகளுக்கும் இதே அளவுதான். ஆகவே ஒருவருக்குக் கூட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் இன்னொருவரின் பங்கிலிருந்தே போகிறது. எங்கள் ஊர்க் கழகமொன்று மென்பந்துச் சுற்றுப்போட்டிக்குச் சேர்த்த காசு முழுவதையும் ஒரே துடுப்பாட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டால், மற்றப் பத்துப் பேரையும் எங்கே தேடுவது?

2024 ஒக்டோபரில் சென்னை ஐந்து பேரைத் தக்கவைத்தது. ருதுராஜுக்கும் ஜடேஜாவுக்கும் தலா 18 கோடி, பத்திரணவுக்கு 13 கோடி, சிவம் துபேக்கு 12 கோடி, தோனிக்கு 4 கோடி. மொத்தம் 65 கோடி. மிஞ்சிய 55 கோடியில், 25 பேர் கொண்ட முழு அணியைக் கட்ட வேண்டுமானால் இன்னும் 20 பேரை எடுக்க வேண்டும். சராசரியாகப் பார்த்தால் ஆளுக்கு 2.75 கோடிதான் வருகிறது.

இதில் தோனியின் 4 கோடியைக் கவனியுங்கள். ஐந்து ஆண்டுகளாகச் சர்வதேசப் போட்டியில் ஆடாத இந்திய வீரரை, சர்வதேச அனுபவம் இல்லாதவருக்கு உரிய தொகையில் வைத்திருக்கலாம் என்ற விதி அந்த ஆண்டு திரும்ப வந்தது. தோனியின் கடைசிச் சர்வதேசப் போட்டி 2019 ஜூலையில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதி. 2022 ஏலத்துக்கு முன் 12 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டவர் 4 கோடிக்கு இறங்கினார். பையில் 8 கோடி விடுபட்டது.

பத்திரணவின் கதை எதிர்த் திசையில் போனது. 2022இல் காயமடைந்த அடம் மில்னுக்குப் பதிலாக, 20 இலட்சத்துக்குச் சென்னைக்கு வந்தவர் அவர். அணி கிண்ணம் வென்ற 2023இல் 19 விக்கெட்டுகளை எடுத்தார். 2024இல் ஆறே போட்டிகளில் 13 விக்கெட்டுகள். பின்னர் காயத்தோடு நாடு திரும்பினார். விலை 13 கோடியானது அதன் பிறகுதான். 2025இல் அவர் எடுத்தது 13 விக்கெட்டுகள். ஓட்டங்களையும் நிறையக் கொடுத்தார். அதே பருவத்தில் 10 கோடிக்கு எடுத்த நூர் அஹமட் 24 விக்கெட்டுகளை எடுத்தார். சென்னை முதன்முறையாகப் பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனது.

20 இலட்சத்துக்கு 19 விக்கெட் என்றால் பையில் எந்தப் பாரமும் இல்லை. 13 கோடிக்கு 13 விக்கெட் என்றால் அது ஒரு கேள்வி. ஆள் அதே ஆள்தான். மாறியது அவர் பையில் அடைத்துக்கொள்ளும் இடம்.

இந்தச் சிக்கலை நெடுங்காலமாகச் சந்திப்பது அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம். மட்டக்களப்புக்கு அந்த ஆட்டம் அந்நியமல்ல. அமெரிக்க யேசு சபைத் துறவிகள் இங்கே வேரூன்றச் செய்த ஆட்டம் அது. 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி காணாமற்போன யூஜின் ஹேபர்ட் அடிகளாரை, எங்கள் பிள்ளைகளின் கூடைப்பந்துப் பயிற்றுநராகவும் இந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் சம்பள எல்லை சற்று நெகிழ்வானது. தன் சொந்த ஆட்டக்காரரை வைத்திருப்பதற்காக ஓர் அணி எல்லையைத் தாண்டலாம். ஆனால் தாண்டத் தாண்ட வரி கூடும்; புதியவர்களை எடுக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். 2024 ஜூலையில் நியூயோர்க் நிக்ஸ் அணியின் ஜேலன் பிரன்சன் நான்கு ஆண்டுகளுக்கு 156.5 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தத்தை நீடித்தார். இன்னும் ஓர் ஆண்டு பொறுத்திருந்தால், ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 269 மில்லியன் கேட்டிருக்கலாம். அவர் விட்டுக்கொடுத்த இடைவெளி, அணி தன் கணக்கைச் சமாளிக்க உதவியது. அதே ஆண்டு கார்ல் அந்தனி டவுன்ஸ் அணிக்கு வந்தார். 2025இல் நிக்ஸ் 25 ஆண்டுகளுக்குப் பிறகு கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றை எட்டியது.

அப்படியானால் பத்திரணவும் குறைத்துக் கேட்டிருக்க வேண்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. தோனிக்கு விளம்பர வருமானம் இருக்கிறது. பிரன்சன் குறைத்த பிறகும் கையில் 156 மில்லியன் இருக்கிறது. இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் வேகப்பந்துவீச்சாளருக்கு இருப்பது தோள்பட்டை மட்டுமே. அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. கிடைக்கும்போது வாங்குவது அவரது உரிமை. 2025 டிசெம்பர் ஏலத்தில் கொல்கத்தா அவருக்கு 18 கோடி கொடுத்தது. வெங்கடேஷ் ஐயரையும் அன்ட்ரே ரஸலையும் விடுவித்துப் பையை நிரப்பி வைத்திருந்ததால்தான் அந்த அணியால் அது முடிந்தது.

சமூக வலைத்தளங்களில் இதற்குத் "துரோகி" என்று எழுதுகிறார்கள். எங்கள் மண்ணில் அந்தச் சொல் எத்தனை உயிர்களைத் தின்றது என்று தெரிந்தவர்கள், ஒரு வேலை ஒப்பந்தத்துக்கு அதை எடுத்து வீசக் கூடாது.

மறுபக்கம் சென்னை என்ன செய்தது? விடுபட்ட இடத்தை வைத்து, சர்வதேசப் போட்டியில் ஒருமுறைகூட ஆடாத இரண்டு இளைஞர்களை, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகியோரை, தலா 14.20 கோடிக்கு எடுத்தது. இது பாதுகாப்பான முடிவு அல்ல. ஒரு சூதை விட்டு இன்னொரு சூதில் பணம் வைத்திருக்கிறார்கள்.

இனி உங்களுக்குப் பிடித்த அணி யாரையாவது தக்கவைத்தாலோ விட்டாலோ, மூன்றைக் கேட்டுப் பாருங்கள். கொடுக்கும் விலை முடிந்துபோன பருவத்துக்கா, வரப்போகும் பருவத்துக்கா? அவர் காயமடைந்தால் ஈடுகொடுக்கப் பையில் என்ன மிஞ்சும்? அந்த மிச்சத்தில் யாருக்கு வாய்ப்புக் கிடைக்கும்?

மூன்றாவது கேள்விதான் எங்களைத் தொடுவது. 2024இல் வனிந்து ஹசரங்க காயமடைந்தபோது, ஹைதராபாத் அணி 50 இலட்சத்துக்கு அழைத்தது யாழ்ப்பாணத்தின் விஜயகாந்த் வியாஸ்காந்தை. அந்த மே மாதம் அவர் ஐ.பி.எல் போட்டியில் பந்து வீசினார். பெரிய பெயர்கள் 20 கோடிக்குப் போகும் பந்தயத்தில் 50 இலட்சம் சில்லறைதான். எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் திறக்கும் கதவும் அந்தச் சில்லறையில்தான் இருக்கிறது. நட்சத்திரத்துக்குப் பையை முழுவதுமாகக் கொட்டிவிடும் அணியிடம் அந்தக் கதவு இருக்காது.