புல் வெட்டும் மெஷின் வாங்கப் போறீங்களா? சிசி பார்க்கும் முன் இதைப் பாருங்க!

போன வருஷம் ஐப்பசி மழை விட்டதும் ஊருக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் 20 சென்ட் இடத்தில் இடுப்பு உயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்தது. "வெட்ட ஆள் எங்கே கிடைக்குது? வர்ற ஒருத்தருக்கும் நாலு நாள் வேலை" என்றார் அப்பா. அன்றைக்கு ராத்திரியே ஆன்லைன் ஆஃபரில் ஒரு மெஷின் ஆர்டர் போட்டுவிட்டேன். 52 சிசி, முதுகில் மாட்டும் மாடல், நல்ல ரேட்டிங். வேறென்ன வேண்டும்?

மெஷின் வந்தது. 61 வயது அப்பா பத்து நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஆவாதுப்பா" என்று இறக்கி வைத்துவிட்டார். அடுத்து, வழக்கமாக வேலைக்கு வரும் அண்ணன் எடுத்தார். காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்கு எதுவும் இல்லை. கால் மணி நேரத்தில் ஒரு ஜல்லிக்கல் தெறித்து, கண்ணுக்கு ஒரு விரல் கீழே கிழித்தது. நல்லவேளை, தையலோடு போனது.

மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த நான், முகக் கவசத்துக்குச் சில நூறு ரூபாய் செலவழிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். வாங்குவது நாம், பிடிப்பது வேறொருவர் என்றால், தேர்வு செய்யும் விதமே மாற வேண்டும்.

*நைலான் நரம்பு எப்படிப் புல்லை வெட்டுகிறது?*

1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் காரைக் கழுவும் இடத்துக்குப் போனார். அங்கே சுழலும் நைலான் பிரஷ்களைப் பார்த்ததும் ஒரு யோசனை. பாப்கார்ன் டின்னில் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, ஒரு மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் ஸ்ட்ரிங் ட்ரிம்மர்.

நரம்பு கூர்மையானது அல்ல. வேகம்தான் வெட்டுகிறது. 40 செ.மீ. அகலத்துக்கு வெட்டும் மெஷின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால், நரம்பின் நுனி மணிக்கு 500 கி.மீ.க்கும் மேல் பறக்கிறது. வழியில் ஒரு கல் கிடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதே மெஷினில் நரம்புக்குப் பதில் இரும்பு பிளேடு மாட்டும் வசதி இருந்தால் அது பிரஷ் கட்டர். நம் ஊர்க் கடைகளில் இந்தப் பெயரில் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

*எதை வெட்டப் போகிறீர்கள்?*

முதல் கேள்வி இதுதான். சிசி எல்லாம் அப்புறம்.

அருகம்புல், சுவர் ஓரம், நடைபாதை விளிம்பு என்றால் நைலான் நரம்பு போதும். சுவரில் பட்டாலும் நரம்புதான் தேயும். பெட்ரோல் மெஷின்களில் 2.4 மி.மீ. தடிமன் பரவலாகப் பயன்படுகிறது. இடுப்பு உயரக் கோரை, முற்றிய பார்த்தீனியம் என்றால் 2 அல்லது 3 பல் பிளேடு வேண்டும். விரல் தடிமனுக்குத் தண்டு முற்றிய புதர் என்றால், ரம்பம் மாதிரி நிறைய பற்கள் உள்ள வட்ட பிளேடு.

சீமைக் கருவேலத்துக்கு இந்த மெஷினை நம்பாதீங்க. மேலே வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். வேரோடு பிடுங்குவதுதான் வழி.

வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடுவீர்களா? அப்படியானால் பிளேடு மாட்டுங்கள். நரம்பு புல்லைத் துண்டு துண்டாகச் சிதைக்கும். தேய்ந்து உதிரும் பிளாஸ்டிக் துணுக்கும் தீவனத்தில் கலக்கும். இன்னொன்று, மா, பலா கன்றுகளின் அடித்தண்டில் நரம்பு சுற்றிலும் பட்டைய உரித்தால் கன்று பட்டுப்போகும். கன்றைச் சுற்றி ஓரடிக்கு கையால் களை எடுப்பதே நல்லது.

*பேட்டரியா, பெட்ரோலா?*

வீட்டைச் சுற்றி நாலைந்து சென்ட் மட்டும் என்றால் பேட்டரி வசதி. எடை குறைவு, சத்தம் குறைவு, பட்டனை அழுத்தினால் ஓடும். ஆனால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வோல்ட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்கள். 40 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 160 வாட்-ஹவர். எவ்வளவு நேரம் ஓடும் என்பதை ஒப்பிட இந்த எண்தான் உதவும். பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய இடம், தோப்பு, புதர் என்றால் பெட்ரோல். இதில் 2 ஸ்ட்ரோக், 4 ஸ்ட்ரோக் என இரண்டு வகை. 2 ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி., 25-க்கு 1 என்றால் 40 மி.லி. கலக்க மறந்தால் இன்ஜின் காலி. 4 ஸ்ட்ரோக்கில் ஆயில் தனி, புகையும் சத்தமும் குறைவு, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். விலைதான் கூடுதல்.

வருஷத்துக்கு ரெண்டு தடவை மட்டும் எடுப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ்: வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பழைய பெட்ரோல் தேங்கினால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

*யார் பிடிக்கப் போகிறார்?*

நான் கோட்டைவிட்டது இங்கேதான். தோளில் மாட்டும் பெட்ரோல் மாடல்கள் சுமார் 7 முதல் 9 கிலோ வரை இருக்கும். முதுகில் மாட்டுபவை பெரும்பாலும் 10 கிலோவைத் தாண்டும். இது வெறும் எடை இல்லை, ஓடும்போது அதிரும் எடை. மணிக்கணக்கில், வருஷக்கணக்கில் அந்த அதிர்வைத் தாங்கும் கைகளில் விரல்கள் மரத்துப்போகும் பாதிப்பு வரலாம்.

அதனால் முடிந்தால் கடைக்கே போங்கள். பிடிக்கப்போகிறவரையும் கூட்டிப் போய், மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடி அவர் இடுப்பு உயரத்துக்கு வருகிறதா, தோள்பட்டை அழுத்துகிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

*மெஷினோடு சேர்த்தே வாங்க வேண்டியவை*

முகத்தை மூடும் கவசம், அதற்குள் கண்ணாடி, காதுக்கு மஃப், கையுறை, முழங்கால் வரை வரும் பூட்ஸ். மழைக்காலப் புல்லில் பாம்பு இருக்கும் என்பதால் பூட்ஸ் ரெட்டை உபயோகம். பார்த்தீனியம் பட்டால் தோல் அரிப்பு வரும் என்பதால் முழுக்கைச் சட்டையும் முக்கியம்.

வெட்டும் முன் இடத்தை ஒருமுறை நடந்து, கல், கம்பி, பாட்டில்களைப் பொறுக்கிவிடுங்கள். ஓடும்போது சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள். பிளேடுக்கு மேலே இருக்கும் தடுப்பைக் கழற்றாதீர்கள்.

நரம்பு தேய்கிறது என்று இரும்புக் கம்பியோ, சங்கிலியோ மாட்டவே கூடாது. அறுந்தால் அது தோட்டா மாதிரி. சங்கிலிக் கண்ணிகள் கொண்ட வெட்டும் தலைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012-லேயே விற்பனையிலிருந்து தடை செய்ய உத்தரவிட்டது.

*பணம் கொடுக்கும் முன்...*

பக்கத்து ஊரிலாவது சர்வீஸ் இருக்கிறதா, ஸ்பேர் கிடைக்குமா? இதை விசாரிக்காமல் ஆஃபரைப் பார்த்து மயங்காதீர்கள். விவசாயி என்றால் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிய மெஷினுக்குப் பிறகு போய்க் கேட்டுப் பயனில்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் தேவை என்றால், மெஷினோடு வந்து வெட்டித் தருபவரைக் கூப்பிடுவதே லாபம்.

எங்கள் வீட்டில் அந்த 52 சிசி இப்போதும் இருக்கிறது. பக்கத்திலேயே ஆணியில் முகக் கவசம் தொங்குகிறது. இந்த வருஷம் அண்ணன் வந்ததும் முதலில் அதைத்தான் எடுத்தார். "போன தடவையே இதைக் குடுத்திருக்கலாம்ல தம்பி" என்றார் சிரித்துக்கொண்டே. கண்ணுக்குக் கீழே அந்தத் தழும்பு அப்படியே இருக்கிறது. என்னால்தான் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை.