லேடெக் கற்க எந்தப் புத்தகம்?

ஆய்வேடு எழுத உட்காரும் கணித மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "சார், லேடெக் படிக்க எந்த புக் வாங்கலாம்?" உடனே எதையும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். முதலில் கையில் இருக்கும் வேலை என்ன என்று பார்க்க வேண்டும்.

லேடெக்கில் எழுத்தின் அளவையும் இடைவெளியையும் மௌஸால் இழுத்துச் சரிசெய்வதில்லை. இது அத்தியாயத் தலைப்பு, இது தேற்றம், இது சமன்பாடு என்று கட்டளை எழுதினால், எண்ணிடுவதையும் பக்கம் பிரிப்பதையும் அதுவே கவனித்துக்கொள்ளும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் குனூத், தம் நூலின் அச்சுப்படி அழகில்லாமல் வந்ததால் உருவாக்கிய அச்சுக்கோப்பு மென்பொருள் டெக். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் எழுப்பியது லேடெக்.

குனூத்தின் 'தி டெக்புக்' மகத்தான நூல். ஆனால் அது டெக்கின் உள்வேலைகளை விளக்குவது. ஆய்வேட்டுக்கு நாள் நெருங்கும்போது திறக்க வேண்டியதல்ல. தொடங்குபவர்களுக்கு நான் தருவது இலவசமாகவே கிடைக்கும் இரண்டு: டோபியாஸ் எட்டிக்கரும் நண்பர்களும் எழுதிய 'தி நாட் சோ ஷார்ட் இன்ட்ரொடக்ஷன்', திருவனந்தபுரத்து இந்திய டெக் பயனர் குழு 2003இல் வெளியிட்ட 'லேடெக் டுடோரியல்ஸ்: எ பிரைமர்'. இரண்டாவதில் கட்டளையும் அது தரும் விளைவும் அடுத்தடுத்து இருக்கும். அப்படியே தட்டச்சு செய்து பார்த்தால் கை பழகிவிடும்.

சமன்பாடுகள் நிறைய வந்தால் ஜார்ஜ் கிராட்சரின் 'மோர் மேத் இன்டு லேடெக்' துணை நிற்கும். உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பது மனதில் பதிய, லேடெக் பற்றி லாம்போர்ட்டே எழுதிய சிறிய நூலைப் போல வேறில்லை.

எதை எடுத்தாலும் பதிப்பாண்டைப் பாருங்கள். லாம்போர்ட் நூலின் இரண்டாம் பதிப்பு 1994இல் வந்தது. யூனிகோடு எழுத்துருக்களை நேரடியாகக் கையாளும் ஸீடெக் வந்ததோ 2004இல்தான். தமிழிலும் எழுதப்போகிறவர்கள் பொருளடக்கத்தில் ஸீடெக் அல்லது அதைப் போன்ற லுவாடெக், அவற்றில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் ஆகிய பெயர்களைத் தேட வேண்டும். அவை இல்லாத நூல் தமிழுக்கு உதவாது.

முதல் அத்தியாயத்தை அடித்து முடித்ததும் எங்கே தடுக்கிறது என்று உங்களுக்கே தெரியும்: அட்டவணையா, படமா, துணைநூற்பட்டியலா? அதை விரிவாகச் சொல்லும் நூலை அப்போது வாங்குங்கள். 2023இல் இரண்டு பெரிய பகுதிகளாக மூன்றாம் பதிப்பு கண்ட 'தி லேடெக் கம்பானியன்' தேவைப்படும்போது புரட்டிப் பார்க்க வேண்டிய நூல். அதைத் தனி மாணவர் வாங்க வேண்டியதில்லை. கல்லூரி நூலகம் வாங்க வேண்டும். துறைத் தலைவரிடம் இந்த ஆண்டே கேளுங்கள்.