பிரிவென்டர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கடந்த சித்திரையில் ஒரு நிலக்கடலை வயலைப் பார்க்கப் போயிருந்தேன். செடி பூத்து விழுது இறங்கும் பருவம். அப்போது தண்ணீர் தட்டினால் காய்ப்பிடிப்பு குறையும் என்பது நீங்கள் அறிந்ததுதான். ஆனால் வயல் வெடித்துக் கிடந்தது.

"மோட்டார் காயில் போச்சு சார். ரீவைண்டிங் கொடுத்து அஞ்சு நாளாச்சு" என்றார் விவசாயி.

ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சிங்கிள் பேஸ் பிரிவென்டருக்குப் போகும் ஒயர்களைக் கழற்றி, நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தது.

"அது சும்மா சும்மா மோட்டாரை நிறுத்துது சார். அதான் கழட்டி விட்டேன்."

"சும்மா நிறுத்தலண்ணே. உங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கு" என்றேன்.

பல கிணறுகளில் இதே கதைதான். அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் யாரும் அதைக் கழற்ற மாட்டார்கள்.

மோட்டார் ஏன் கருகுகிறது?

மும்முனை மின்சாரத்தில் மூன்று பேஸும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓடும்போது ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டார் உடனே நின்றுவிடாது. மீதி இரண்டு பேஸிலேயே அதே சுமையை இழுக்கும். அப்போது அவற்றில் கரன்ட் ஏறக்குறைய 1.7 மடங்காகிறது. 8 ஆம்பியர் எடுத்த 5 எச்.பி. மோட்டார் 14 ஆம்பியர் வரை எடுக்கும். கரன்ட் 1.7 மடங்கானால் காயிலில் வெப்பம் சுமார் 3 மடங்கு. கம்பியின் மேல் உள்ள வார்னிஷ் பூச்சு கருகி, கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு, காயில் போய்விடுகிறது.

பெட்டிக்குள் இருக்கும் ஐந்து பொருட்கள்

ரெசிஸ்டர்: பாதி மூடிய கேட் வால்வு போன்றது. கரன்டைத் தடுத்துக் குறைத்து விடும்.

டயோடு: ஃபுட்வால்வு போன்றது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் போய்வருகிறது. டயோடு அதை ஒரு பக்கமாக மட்டும் விடும்.

கண்டன்சர்: தொட்டி போன்றது. டயோடு விட்டு விட்டு அனுப்பும் கரன்டைத் தேக்கிச் சீராகக் கொடுக்கும்.

டிரான்சிஸ்டர்: மடை ஷட்டர் போன்றது. சிறு கரன்டைக் கொண்டு பெரிய கரன்டைத் திறக்கவும் அடைக்கவும் செய்யும். புதிய பெட்டிகளில் இவை பல சேர்ந்த ஐ.சி. சில்லு இருக்கும்.

ரிலே: கம்பிச்சுருளில் கரன்ட் ஓடினால் அது காந்தமாகி ஒரு சுவிட்சை இழுத்துப் பிடிக்கும். 'டிக்' என்று கேட்பது அதுதான்.

மூன்று பேஸும் சரியாக இருக்கும்வரை டிரான்சிஸ்டர் திறந்திருக்கும், ரிலே பிடித்திருக்கும். ரிலேயின் சுவிட்ச் வழியாகத்தான் ஸ்டார்ட்டரின் நோவோல்ட் காயிலுக்குக் கரன்ட் போகிறது. ஒரு பேஸ் விட்டால் டிரான்சிஸ்டர் அடைபடும், ரிலே விடும், நோவோல்ட் காயில் விடும், மோட்டார் நிற்கும். நம் நண்பர் ரிலேயை விலக்கி நேராக முறுக்கிவிட்டதால், பேஸ் போனதைச் சொல்ல அங்கே ஆளில்லை.

ஆட்டோ ஸ்டார்ட்டரில் கரன்ட் வந்து சில நொடி கழித்து மோட்டார் எடுப்பதும் இப்படித்தான். பழைய வகைகளில், ரெசிஸ்டர் வழியாகக் கண்டன்சர் மெல்ல நிரம்பும். நிரம்பியதும் டிரான்சிஸ்டர் திறக்கும். லைனில் உள்ள எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் எடுத்தால் வோல்டேஜ் சரியும். எனவே அந்தத் தாமதத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஓடும் மோட்டார், விடுபட்ட பேஸிலும் தானே கொஞ்சம் வோல்டேஜை உண்டாக்கும். வோல்டேஜை மட்டும் பார்க்கும் பிரிவென்டர் அதில் ஏமாறக்கூடும். ஒயரில் ஓடும் கரன்டையும் பார்க்கும் வகை நல்லது.

பிரிவென்டர் அடிக்கடி நிறுத்தினால்

முதலில் மெயினை நிறுத்துங்கள். பியூஸ் கட்டையில் ஒன்று போயிருக்கிறதா, ஒயர் முனை தளர்ந்திருக்கிறதா, ஸ்டார்ட்டர் பாயின்ட் கருகியிருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இவற்றில் ஒன்றாக இருக்கும். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிருந்தால் நீங்களே ஏறாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லுங்கள். ஒரு தண்ணீர் தவறினால் மகசூல் குறையும், ஆள் தவறினால் குடும்பமே தவிக்கும்.

ஓவர்லோடு ரிலேயின் திருகை, மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு எலக்ட்ரீசியன் மூலம் சரிசெய்து வையுங்கள். அடிக்கடி விழுகிறது என்று கூட்டி வைக்காதீர்கள். பெரிய கண்டன்சர் இருந்தால், மெயினை நிறுத்திய பிறகும் அதில் கரன்ட் தேங்கியிருக்கும். கை வைக்காதீர்கள்.

நம் நண்பர் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் கேட்டு ஒரு பாய்ச்சல் விட்டு, பாதி வயலைக் காப்பாற்றினார். மோட்டார் வந்த அன்றே பிரிவென்டரையும் சேர்த்து மாட்டச் சொன்னார். ஓரிரு வாரத்தில் மோட்டார் மறுபடி நின்றது. இந்த முறை அவர் பெட்டியைத் தொடவில்லை, பியூஸைப் பார்த்தார். ஒன்று போயிருந்தது.

உங்கள் ஸ்டார்ட்டர் பெட்டி பற்றிய ஐயங்களைக் கேள்வி பதில் பகுதிக்கு எழுதுங்கள். மோட்டாரின் எச்.பி., தகட்டில் உள்ள ஆம்பியர், ஸ்டார்ட்டர் வகை மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.