கல்வெட்டுக்கு எந்த டிஎஸ்எல்ஆர்?

மல்லாங்கிணறிலிருந்து திருச்சுழி, பள்ளிமடம் என்று பாண்டியர் கல்வெட்டு பார்க்கக் கிளம்பும் நண்பர்கள் என்ன கேமரா வாங்கலாம் என்கிறார்கள். மெகாபிக்சலை விடுங்க, 12 இருந்தாலே தாராளம்.

தேய்ந்த எழுத்தைக் காட்டுவது நிழல். டார்ச்சைச் சுவரையொட்டிச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். அந்த மங்கிய ஒளிக்கு ஷட்டர் ஒரு விநாடிகூடத் திறந்திருக்கும். அதனால் ட்ரைபாட் கட்டாயம்.

நிக்கான் டி3000 வரிசையில் உள்ளே மோட்டார் கிடையாது. பழைய 50 எம்எம் டி லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகாது. கல்யாண வீட்டில் அது பெரிய குறை. நமக்கென்ன? கல் நகராது, கையாலேயே திருப்பிக்கலாம். ஆகவே பழைய பாடி, நல்ல ட்ரைபாட்.

தள்ளிப்போடாதீங்க. திருப்பணியென்று மணல் வீச்சு நடந்த கோயில்களில் எழுத்துகள் அழிந்திருக்கின்றன. அப்புறம் படம் மட்டும்தான் ஆதாரம்.