பிம்பத்தைப் படம் பிடித்தல்

மழை விட்ட மாலையில் எங்கள் மாகறல் வீதியில் நடந்தால், திருமாகறலீஸ்வரர் கோயில் கோபுரத்தை இரண்டாகக் காணலாம். ஒன்று வானை நோக்கி நிற்கும். மற்றொன்று தேங்கிய நீரில் தலைகீழாகக் கிடக்கும். சம்பந்தர் பாடிய தலம், செய்யாற்றங்கரைத் தலம் என்று தேடி வருவோர் முதலாவதைப் படமெடுத்துச் செல்வர். நான் அப்பாவின் கைப்பேசியில் இரண்டாவதை எடுக்க முயன்றேன். விழுந்தது சேறுதான்!

காரணம் இதுவே. காலடி நீரை நேர் கீழாகப் பார்த்தால், விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கையே நீர் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய அப்பங்கு கூடும். நீர்ப்பரப்பை ஒட்டினாற்போல் பார்க்கையில் பாதிக்கு மேலும் போகும். ஆகவே, தோழியரே, கோபுரத்தைவிட்டு விலகி வந்து உட்காருங்கள். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸை நீருக்கு நான்கு விரற்கடை உயரத்தில் வையுங்கள். தாம்பாளம் அளவுக் குட்டையில் முழுக் கோபுரமும் அடங்கும். (பாவாடை நனையும், அதற்கு நான் பொறுப்பல்ல.)

காற்று அடங்கும் வரை பொறுக்க வேண்டும். 1858-ஆம் ஆண்டு மதுரைத் தெப்பக்குளத்தைப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் காகித நெகட்டிவைப் பயன்படுத்தியவர். அதற்கு நிமிடக் கணக்கில் ஒளி வேண்டும். அதற்குள் எத்தனை சிற்றலைகள்! நமக்கு ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு போதும்.

சமதளக் கண்ணாடியில், பொருள் எவ்வளவு முன்னே உள்ளதோ பிம்பம் அவ்வளவு பின்னே தோன்றும் என்று படித்திருக்கிறோம். தேர்வுக்காக நான் அதை மனப்பாடம் செய்தேன். பொருள் விளங்கியது தாத்தாவின் படத்துக்கு முன்னால்தான்.

தாத்தாவுக்கு இருப்பது ஒரே படம். ஓரமெல்லாம் செல்லரித்துவிட்டது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதால் பிரித்தெடுக்கவும் முடியவில்லை. பிரதி எடுக்க முனைந்தால் என் கையும் கைப்பேசியும் தாத்தாவின் சட்டைமேல் விழுந்தன. கண்ணாடியின் மேற்பரப்பு திருப்புவது நூற்றுக்கு 4 பங்குதான். எனவே கேமிரா பக்கம் இருட்டாக இருந்தால் பிம்பம் மறைந்துவிடும். படத்தின் மேல் ஜன்னல் ஒளி பக்கவாட்டில் விழும்படி வைத்து, என் பின்னால் கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டேன். பிரதி சுத்தமாக வந்தது.

ஆனால் அதற்கு முன் கெட்டுப்போன படங்களுள் ஒன்றில், அருகில் நின்ற ஆயாவின் முகமும் விழுந்திருந்தது. வெயில்பட்ட முகம், படத்தின் இருண்ட திரைமேல் பதிந்ததால் தெரிந்தது. வெளுத்த இடமாயிருந்தால் தெரியாது. அப்பாவைப் பெற்ற அந்த ஆயா அதை நெடுநேரம் பார்த்தார்.

"நானும் அவரும் ஒண்ணா படமே எடுத்ததில்ல கண்ணு. எம் மூஞ்சி ஏன் மங்கலா இருக்குது?"

கைப்பேசியிலிருந்து படம் 2 அடி. ஆயா கண்ணாடிக்கு 2 அடி முன்னே நின்றதால் பிம்பமோ 4 அடித் தொலைவில்! கைப்பேசி தாத்தாவைக் குறிவைத்ததால் ஆயா மங்கினார். எனவே ஆயாவைக் கண்ணாடிக்கு 1 அடி அருகில், வலப்பக்கமாக உட்கார வைத்தேன். நான் இடப்பக்கம் 6 அடி தள்ளிப் போனேன். இப்போது தாத்தா 6 அடி, ஆயா 7 அடி, பெரிய வித்தியாசமில்லை. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாக வேண்டுமே, அதற்காக ஆயாவை நாலைந்து முறை நகர்த்தினேன். சலிக்காமல் நகர்ந்தார்.

படம் சற்றுக் கோணலாக வந்தது. இருவர் முகமும் தெளிவு.

"மூக்குத்தி பக்கம் மாறிப்போச்சே!" என்றார் ஆயா. கண்ணாடி இடவலம் மாற்றும் என்றேன். "பரவாயில்ல, அவருக்கு என்னைத் தெரியும்" என்றார்.

சுத்தமான பிரதி பீரோவில் இருக்கிறது. சுவரில் மாட்டியிருப்பது இதுதான்.